குழாய் ஓரத்து இடைவெளி

முதலில் ஜன்னல்.
ஏழு தடவை பெயின்ட் அடித்த பழைய சட்டம்.
மேலே வெள்ளை, அதன் கீழே பச்சை,
அதற்கும் கீழே ஆஸ்பத்திரிப் பழுப்பு.
எனக்கு முன்னால் இங்கே நடுங்கியவர்களின் ரசனை
சுரண்டச் சுரண்டச் சுருளாய் விழுந்தது.
மெழுகுவர்த்தியை ஓரமாய் நகர்த்திப் பார்த்தேன்.
சுடர் எங்கே தலைசாய்க்கிறதோ
அங்கே ரப்பர் பட்டை.

ரீகாவில் ஜனவரி. வெளியே மைனஸ் பதினேழு.
பகலெல்லாம் ஆய்வகத்தில்
யார் யாருடைய கடைவாய்க்கோ
பீங்கான் பல் செய்கிறவள் நான்.
சொந்த வீட்டின் சொத்தைகளைப் பார்க்க
சனி ஞாயிறுதான் வாய்க்கிறது.

ரேடியேட்டருக்குப் பின்னால் வெள்ளித்தாள்.
அதன் சாவியைத் திருப்பியதும்
பொருமல் விட்ட வயிறுபோல் காற்று வெளியேறி
கறுப்புத் தண்ணீர் நாலு சொட்டு,
நல்ல சட்டையில்.
கிரீச்சிடும் தரைப் பலகைகளுக்கு இடையே
குழந்தைப் பவுடர்.
இரண்டு நாள் வீடு முழுக்கப் பச்சைக்குழந்தை வாசனை.
இந்த வீட்டில் ஒருகாலும் இருந்திராத வாசனை.
நான் ஒன்றும் அழவில்லை,
தும்மினேன்.

ஜன்னலுக்கு வாங்கிய நுரை டப்பாவில்
பாதி மீந்துவிட்டது.
"திறந்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்,
நாளைக்குக் கல்லாகிவிடும்" என்றிருந்தார்
கடைக்கார அர்விட்ஸ்.
பதினோரு யூரோ. வீணாக்க மனம் வரவில்லை.
கண்ணில் பட்டது அந்தக் குழாய்.

கீழ்வீட்டிலிருந்து தரையைத் துளைத்து ஏறிவரும் குழாய்,
அதைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி.
அதன் வழியேதான் வரும்
வெங்காயம் வதங்கும் வாசனை, இருமல்,
இரவு ஒன்பது மணிக்கு விஸ்வால்டிஸின் குரல்.
"யானை, டி ஏழு" என்பார் தொலைபேசியில்.
லியபாயாவில் யாரோ ஒருவர் பதிலுக்கு நகர்த்துவார்.
அதை இவர் ஒருமுறை திருப்பிச் சொல்வார்,
காது மந்தம்.
நாளுக்கு ஒரு நகர்த்தல்.
இரண்டு குளிர்காலமாய்
என் சமையலறை மேசையிலும் ஒரு பலகை இருக்கிறது.
ஒட்டுக்கேட்பது என்று சொல்ல மாட்டேன்.
காய்களை நான்தானே நகர்த்துகிறேன்?

அன்றைக்கு அவருடைய குதிரை எஃப் ஐந்தில்,
கறுப்பு ராணியின் வாய்க்கு நேரே.
நான் நுரையைப் பீச்சினேன்.
அது மெல்ல உப்பி, மஞ்சளாகி,
கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டு முடித்த காதுபோல்
இறுகிப்போனது.

ஒன்பது மணி.
என் வீடு இவ்வளவு அமைதியானது என்று
அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் இறங்கிப் போனேன்.
"உங்கள் கூரையில் ஈரம் தெரிகிறதா?"
வழியிலேயே தயாரித்த கேள்வி.
பனியனோடு நின்றார், ஜனவரியில்.
"ஈரமா? இந்த வாரம்தான் வீடு சூடு பிடித்திருக்கிறது.
முழங்கால்கூடச் சொன்ன பேச்சு கேட்கிறது.
என்ன மாயமோ!"

இரண்டு குளிர்காலமாய் அவர் கட்டிய சூட்டில்
ஒரு பங்கு
குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி
என் கால்விரல்களுக்கு வந்திருக்கிறது.
சொல்லவில்லை.
குதிரை என்னாயிற்று என்று கேட்கவும் முடியவில்லை.
கேட்டால், எந்தக் குதிரை என்பார்.

அவர் தோளுக்குப் பின்னால் பலகை.
ஒரே ஒரு பார்வை.
எஃப் ஐந்து காலி.
பதிலுக்கு ராணியை வாங்கினாரா என்று எட்டிப் பார்ப்பதற்குள்
கதவு, அடியில் புதுத் தூரிகைப் பட்டையோடு,
தரையைப் பெருக்கிக்கொண்டே மூடியது.
அவரும் அர்விட்ஸ் கடைக்குப் போயிருக்கிறார்.

மேலே வந்து இரண்டாவது காலுறை போட்டுக்கொண்டேன்.
இன்னும் ஒட்டாமல் விட்டிருந்தது சமையலறை ஜன்னல் ஒன்றுதான்.
இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே
நீளமாய்ப் பஞ்சு பரப்பி
வெள்ளைக் குதிரையை அதன்மேல் நிறுத்தினேன்.
உள்கதவைச் சாத்தி,
சுற்றிலும் காகிதப் பட்டை ஒட்டினேன்.

ஏப்ரல் வரை அது அங்கேதான்.